அம்மாவுக்கு யார் ஊசி போட்டது?

எம்மா,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், தண்ணி வந்துட்டு, மோட்டார் போடணும் என்று சொல்லி வைத்துவிட்டேன். தண்ணீர் வரவில்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும். குடும்பத்தில் யாருக்காவது பேறுகாலத்தில் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா என்று உன் டாக்டரம்மா கேட்டதாகவும், "எங்க அம்மா அப்படித்தான் இறந்தாங்க, ஆனா என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது" என்று நீ சொன்னதாகவும் சொன்னாய். சொல்லும்போது உன் குரல் மாறவே இல்லை. அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. தன் தாய் எப்படிச் செத்தாள் என்று தெரியாத பெண்ணாக, எட்டு மாத வயிற்றோடு, மொழி தெரியாத ஊரில் ஒரு ஆஸ்பத்திரி நாற்காலியில் நீ இருந்திருக்கிறாய். எனக்குப் போனில் பேச வராது. அதனால் எழுதுகிறேன். மருமகனும் வாசிக்கட்டும். டாக்டரம்மாவுக்கு வேண்டியதை அவர் எடுத்துச் சொல்லட்டும். உன் தம்பிக்குத் தெரியாத எதுவும் இதில் இல்லை. யாரிடமும் மறைக்க இனிமேல் ஒன்றுமில்லை.

ஆனால் இதை மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் அம்மாவைப் பற்றி நீ கேட்ட கேள்வி வந்ததே மாட்டிலிருந்துதான். அப்போது நான் கால்நடை ஆய்வாளர். சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரை ஓரம் நெல்லும் வாழையுமாக இருந்த சில ஊர்கள் என் பொறுப்பு. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதுதான் முக்கால்வாசி வேலை. ஊசி என்று பெயரே தவிர அது குத்துகிற ஊசி இல்லை. உறைய வைத்த காளை விந்தை நீளமான குழாயில் ஏற்றி, தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு, கர்ப்பப்பை வாயில் கொண்டு சேர்ப்பது. சனிக்கிழமைகளில் உன் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு வகுப்பு இருக்கும். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு உன்னை உட்கார வைத்துக் கூட்டிப்போவேன். உனக்கு ஆறு வயது. பேச்சு நிற்காது.

பின்னால் கட்டியிருந்த கேனை நான் திறந்தபோது வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. அன்றைக்குத்தான் நீ முதலில் கேட்டாய்.

"யப்பா, இதுக்குள்ள என்ன கொதிக்கு?"

"கொதிக்கல. குளுந்து கெடக்கு."

"குளுந்தா ஏன் பொகை வருது?"

"அவ்வளவு குளுரு."

"உள்ள என்ன இருக்கு?"

"காளை" என்றேன் விளையாட்டாக. நீ சிரிக்கவில்லை. எட்டிப் பார்க்கப் போனாய். இழுத்துப் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு ஒழுங்காகவே சொன்னேன். கன்று உண்டாகப் பசுவிடமிருந்து ஒரு வித்து வேண்டும், காளையிடமிருந்து ஒரு வித்து வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கன்று. பசுவினுடையது அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. காளையினுடையதை இந்த மெல்லிய குச்சிக்குள் அடைத்து உறைய வைத்திருக்கிறார்கள். நான் செய்வது அதை உள்ளே சேர்ப்பது மட்டும்.

"அந்தக் காளை எங்க நிக்கு?"

"வடக்க, ஒரு பண்ணையில."

"இந்தப் பசுவ அது பாத்திருக்கா?"

"இல்ல."

"பசு?"

"அதும் பாக்கல."

"இப்பம் அந்தக் காளை என்ன செய்யுது?"

"தெரியாதும்மா. செத்துகூடப் போயிருக்கும்."

"செத்த காளைக்குக் கன்னு பொறக்குமா?"

"பொறக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய், அப்பாவின் கேனுக்குள் செத்துப்போன காளைகள் இருக்கின்றன என்று சொன்னாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி. ஒரு வீட்டில் தொழுவத்துக்கு வெளியே, வேப்பமரத்தில், விலா எலும்பு தெரிய ஒரு கன்று கட்டிக் கிடந்தது. தாய்ப்பசு உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்தது. "இதுக்கு ஏன் பால் குடுக்கல?" என்று வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டாய். அவர், "இது காளங்கன்னு பாப்பா. இதுக்குப் பால விட்டா பால் சொசைட்டிக்கு நாங்க எத ஊத்துதது?" என்றார். அடுத்த முறை போனபோது கன்று இல்லை. எங்கே என்று கேட்டாய். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாய். கறிக்கு என்று சொன்னேன். "அப்பம் காளங்கன்னு பொறக்காத ஊசி போட வேண்டியதுதான?" என்றாய். அது நம் கையில் இல்லை, பாதிக்குப் பாதி அப்படித்தான் பிறக்கும், நாம் பாலுக்காக மாட்டைச் சினைப்படுத்துகிறோம், கன்று கூடவே வருகிறது என்று சொன்னேன்.

அன்று உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வயசுப் பிள்ளட்ட இதையெல்லாமா சொல்லுதது?" என்றாள். கேட்டாள், சொன்னேன் என்றேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "சொல்லத்தான் போறியன்னா முழுசாச் சொல்லுங்க. பாதி சொல்லி பாதிய முழுங்காதிய. மீதிய அவளா சேத்துக்கிடுவா" என்றாள். அவள் டீச்சர். பிள்ளைகளின் தலைக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்போது அவள் உன் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்த சமயம்.

இனி அந்தக் கிடேரியின் விஷயம். இசக்கியம்மாளை உனக்கு நினைவிருக்கும். புருஷன் இல்லாமல், வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். உனக்குக் கொய்யாப்பழம் தருவாள். அவளிடம் ஒரு நாட்டுக் கிடேரி நின்றது, சின்ன உருவம், அதுவரை ஈனாதது. உன் தம்பி உண்டாவதற்கும் முன்னால், அதற்குப் பெரிய சீமைக்காளை ஊசியாகப் போடச் சொல்லிக் கேட்டாள். கன்று பெரிதாக வரும், பால் குடம் குடமாகக் கறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வேண்டாம்மா, இது தாங்காது. இடுப்பு சின்னது. மொத ஈத்துக்குச் சின்னச் சாதிக் காளைதான் போடணும்" என்றேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவளுக்கு மனம் ஆறவில்லை. நான் போன பிறகு, ஊர் ஊராகச் சுற்றிச் சினை ஊசி போடுகிற ஒரு தனியாளைக் கூப்பிட்டுப் போட்டுக்கொண்டாள். அவன் கிடேரியைத் தடவிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

ஈனுகிற நாள் சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. ஆள் விட்டிருந்தாள். போய்ப் பார்த்தால் கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே வந்து நிற்கின்றன, தலை வரவில்லை. கிடேரி படுத்துவிட்டது. உன்னைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தேன். மாட்டு டாக்டர் வந்தார். "தாயக் காப்பாத்துவோம், கன்னு போனாப் போகட்டும்" என்றார். கயிறு கட்டி, நாலு பேர் சேர்ந்து, அது முக்கும்போது மட்டும் இழுத்தோம். கன்று வந்தது. உயிர் இல்லை. அதன் தலை அந்தக் கிடேரியின் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பருமன். பின்னாலேயே ரத்தம் வந்தது. டாக்டர் ஊசி போட்டார், உள்ளே கை விட்டு அழுத்திப் பார்த்தார், துணியைத் திணித்தார். சாயங்காலத்துக்குள் கிடேரியும் கழுத்தை நீட்டிச் செத்துவிட்டது. திரும்பினால் வேலிக்கு அந்தப்பக்கம் நீ நிற்கிறாய். எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. இசக்கியம்மாள் மண்ணில் உட்கார்ந்து, "நாந்தான் கொன்னேன், நாந்தான் கொன்னேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பைக்கில் வரும்போது கேட்டாய்.

"யப்பா, இசக்கியம்மாவா கொன்னா?"

"இல்லம்மா. அவளுக்கு என்ன தெரியும்."

"பொறவு யாரு?"

"ஊசி போட்டவன்" என்றேன். எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம். "பெரிய காளை ஊசியச் சின்ன மாட்டுக்குப் போட்டுட்டான். கன்னு உள்ள பெருசா வளந்துட்டு. வெளிய வர வழியில்ல. தாய் செத்துப்போச்சு."

நீ தலையை ஆட்டிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒனக்கும் கயிறு கட்டி இழுப்பாங்களா?" என்று கேட்டாய். அவள் சிரித்து, "இழுத்தா நீயும் வந்து ஒரு கை பிடிட்டி" என்றாள்.

இப்போது டாக்டரம்மாவுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். நீ பிறந்தபோதே உன் அம்மாவுக்கு ரத்தம் நிற்க நேரமானது. பிள்ளை வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்க வேண்டும், அது சுருங்கவில்லை என்றார்கள். மருந்து கொடுத்து, ரத்தம் ஏற்றி, பிழைத்தாள். அடுத்த பிள்ளைக்கு யோசித்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள். உன் தம்பி பிறந்தபோதும் அதேதான் நடந்தது. அவன் பெரிய பிள்ளைதான், வலியும் நீண்டுவிட்டது. ஆனால் அவனை வெளியே எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. பிறந்தவுடன் அழுதான். அவளும் பார்த்தாள். அதன் பிறகுதான் ரத்தம். அவளுடைய ரத்த வகை எளிதில் கிடைக்காதது. உனக்கும் அதே வகை, இதை நன்றாகச் சொல். கையில் இருந்ததை ஏற்றினார்கள். மேலும் வேண்டும் என்றார்கள். நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரும் பாளையங்கோட்டை, ஜங்ஷன் என்று பைக்கில் அலைந்தோம். ஒரு பாட்டில் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். வந்தபோது தேவைப்படவில்லை. யார்மேலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பேறு பார்த்த நர்ஸ் என் முன்னால் நின்று அழுதாள்.

உடலைக் கூடத்தில் வைத்திருந்தோம். ஜெபம் முடிந்து, பெட்டியை மூடப் போகிற நேரம். வீடு கொள்ளாத கூட்டம், உன் அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முற்றத்தில் சீருடையோடு நின்றார்கள். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். எல்லாருக்கும் கேட்கிற குரலில், "யப்பா, அம்மாவுக்கு யாரு ஊசி போட்டா?" என்றாய். நான் பார்த்த பார்வையில் உனக்கு என்ன தோன்றியதோ, "பெரிய காளை ஊசி யாரு போட்டா?" என்று திரும்பவும் கேட்டாய். யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தை உன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நீ கால்களை உதறியது எனக்குத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாரம் கழித்து நீ என்னிடம் தனியாகக் கேட்டாய். "நீங்கதான போட்டிய?" என்றாய். அன்றும் நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. சனிக்கிழமை பைக்கில் ஏற வரமாட்டேன் என்றாய். அந்தக் கேனைப் பார்த்தால் ஒதுங்கிப் போனாய். எதைப் பற்றியும் என்னிடம் கேள்வி கேட்காத பிள்ளையாக வளர்ந்தாய். பரீட்சை, காலேஜ், வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் சொன்னாய்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறேன். நான் கோழையாக இருந்ததும் உண்டு. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அந்த இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று சொன்னவன் நான். எத்தனையோ தடவை சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தொழுவங்களில் கண்டதைச் சொன்னேன். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மாட்டு ஆஸ்பத்திரிக்காரரு. எது தாங்கும், எது தாங்காதுன்னு பாத்து முடிவு பண்ணுதது ஒங்க வேல. நான் மாடு இல்ல. என் ஒடம்பு, நான் சொல்லுதேன்" என்றாள். கோபம் தணிந்த பிறகு காரணமும் சொன்னாள். அவள் ஒற்றைப் பிள்ளை என்பது உனக்குத் தெரியும். அவள் அப்பாவை அடக்கம் பண்ணியபோதும், அடுத்து அம்மாவை அடக்கம் பண்ணியபோதும் பக்கத்தில் நிற்கக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. "கல்லறையில நின்னு பாக்கேன், எங்க அம்மான்னு சொல்லுததுக்கு இன்னொரு ஆள் இல்ல. எம் பிள்ள அப்படி நிக்கக் கூடாது" என்றாள். சம்மதித்தேன். எல்லாம் தெரிந்து, கண்ணைத் திறந்துகொண்டுதான் அவள் அதற்குப் போனாள்.

இதை ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? உனக்காகத்தான் உன் அம்மா அதற்குத் துணிந்தாள் என்றால், இசக்கியம்மாள் மண்ணில் உட்கார்ந்து சொன்னதை நீயும் சொல்ல ஆரம்பித்துவிடுவாய் என்று பயந்தேன். ஊசி போட்டவன் அப்பா என்று நினைத்துக்கொண்டு என்னை வெறுத்துவிட்டுப் போகட்டும், அது இதைவிட லேசு என்று நினைத்தேன். நீ வளர்ந்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் வெறுப்பு பழகிப்போய், அதைச் சுற்றியே நம் வீடு நடக்க ஆரம்பித்துவிட்டது. தொட்டால் எது சரியும் என்று தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காதது, அந்த வெறுப்பு என்னோடு நிற்காது என்பது. உன் தம்பியை அத்தை வளர்த்து, நாலு வயதில் கொண்டுவந்து விட்டாள். நீ அவன் தொட்ட தட்டில் சாப்பிட மாட்டாய். ஒருநாள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். முற்றத்தில் நீ அவனிடம், "நீ பெருசா இருந்ததாலதான் அம்மா செத்தா" என்று சொன்னது கேட்டது. திட்டுவது போல்கூட இல்லை, பாடம் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாய். அவன் ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டான். மறுநாளும் அப்படியே. மெலிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. அவனுக்கு மட்டும் நான் உண்மையைச் சொன்னேன், அவன் வளர வளர, அவன் கேட்கக் கேட்க. உனக்குச் சொல்லாதே என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். இத்தனை வருஷமும் உன் பேச்சையும் உன் பேசாமையையும் அவன் வாங்கிக்கொண்டு நின்றது எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற. அவன் பிறந்தநாளை இந்த வீட்டில் யாரும் கொண்டாடியதில்லை. அன்று கல்லறைக்குப் போவோம். அவன் பின்னால் நடந்து வருவான்.

எம்மா, உன் அம்மா செத்ததற்கு நீ காரணம் இல்லை. அவனும் இல்லை. நான்கூட இல்லை என்று சில நாட்களில் தோன்றும், சில நாட்களில் தோன்றாது. கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. மாட்டுக்குக் காரணகர்த்தா ஒருவன் இருந்தான், அதனால் எல்லாவற்றுக்கும் ஒருவன் இருப்பான் என்று நீ எடுத்துக்கொண்டாய். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

உனக்கு அப்படி ஆகாது என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது. இப்போது மருந்துகள் நல்லதாக வந்திருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால் ஆயத்தமாக இருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி, ரத்த வங்கி உள்ளேயே இருக்கிற இடமாகப் பார். இந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துக் கேள்வி கேள். கேட்க வெட்கப்படாதே. கேட்கிறவள்தானே நீ.

நான் அடுத்த வாரம் ரயில் ஏறுகிறேன். உன் தம்பியும் லீவு சொல்லிவிட்டான். டவுனில் அவன் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் அவ்வளவு எளிதாக லீவு தரமாட்டார்கள், முதலாளி அண்ணாச்சியிடம் நின்று கேட்டு வாங்கியிருக்கிறான். அவனுக்கும் உனக்கும் உன் அம்மாவுக்கும் உள்ள அதே ரத்த வகைதான். பதினெட்டு வயது ஆனதிலிருந்து ரத்தம் கொடுத்துவருகிறான், யாரும் சொல்லி அல்ல. அங்கே அவனுடையதை உனக்கே ஏற்றுவார்களோ, வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு உனக்கு வேறு தருவார்களோ, அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கொடுக்க ஆள் நிற்க வேண்டும்.

நேற்று அவன் துணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"அக்கா என்னய வரச் சொன்னாளாப்பா?"

"சொல்லல லே."

"சரி. நான் ஆஸ்பத்திரிக்கு வெளிய எங்கனயாவது இருந்துக்கிடுதேன். வீட்டுக்கு வரல. கூப்பிட்டாப் பைய வந்து குடுத்துட்டுப் போறேன்."

நான் கூப்பிட்டால் அவன் வாசல்வரை வருவான். நீ கூப்பிட்டால்தான் உள்ளே வருவான். அவன் நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லையென்றால் என்னிடம் கேள்.

அப்பா